தூத்துக்குடி – கொழும்பு பயணத் தொலைவு

தூத்துக்குடி – கொழும்பு பயணத் தொலைவு என்பது தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் அமைந்துள்ள தூத்துக்குடி நகருக்கும் இலங்கையின் மேற்குக் கடற்கரையில் அமைந்துள்ள கொழும்பு நகருக்கும் இடைப்பட்ட தொலைவையும், அதைக் கடக்க எடுக்கும் நேரத்தையும் குறிக்கும். இவ்விரு துறைமுக நகரங்களுக்கும் இடையிலான நேர்த்தொலைவு ஏறத்தாழ 278 கிலோமீட்டர் (150 கடல் மைல்) ஆகும். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு உள்ள நேர்த்தொலைவில் இது ஏறத்தாழப் பாதியே. ஆயினும், தூத்துக்குடி வானூர்தி நிலையம் உள்நாட்டுச் சேவைகளுக்கானதாகவே இயங்கி வந்துள்ளதால், வானூர்திப் பயணிகள் சென்னை, மதுரை, திருவனந்தபுரம் முதலிய நிலையங்கள் வழியாகவே கொழும்பை அடைய வேண்டியுள்ளது. புவிப்பரப்பில் உள்ள தொலைவும் பயண நேரமும் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு இவ்வழித்தடம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

அமைவிடம்

தூத்துக்குடி ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 8°46′, கிழக்கு நெட்டாங்கு 78°08′ இல் அமைந்துள்ளது. கொழும்பு ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 6°56′, கிழக்கு நெட்டாங்கு 79°51′ இல் அமைந்துள்ளது. தூத்துக்குடியிலிருந்து பார்க்கும்போது கொழும்பு ஏறக்குறையச் சரியாகத் தென்கிழக்குத் திசையில் உள்ளது. இரண்டுக்கும் இடையே இருப்பது மன்னார் வளைகுடா. இராமர் பாலம் எனப்படும் ஆழமற்ற மணல்திட்டுத் தொடர் இவ்வழிக்கு வடக்கே இருப்பதால், தூத்துக்குடியிலிருந்து கொழும்பு செல்லும் கப்பல் எதையும் சுற்றிச் செல்ல வேண்டியதில்லை. மாறாக, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பெரிய கப்பல்கள் இத்திட்டுகளைக் கடக்க இயலாமல் இலங்கைத் தீவைச் சுற்றியே வருகின்றன.

தொலைவைக் கணித்தல்

புவி ஏறத்தாழ உருண்டை வடிவமானது. எனவே அதன் பரப்பில் உள்ள இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, அவ்விரு இடங்கள் வழியாகவும் செல்லும் பெருவட்டத்தின் ஒரு வில் ஆகும். புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டமே பெருவட்டம் எனப்படும். வானூர்தி அட்டவணைகளில் தரப்படும் தொலைவு பொதுவாக இப்பெருவட்டத் தொலைவே.

நெடுந்தொலைவுகளுக்கு இதைக் கணிக்கக் கோளத் திரிகோணகணிதம் தேவை. சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள இடங்களுக்குப் புவியின் வளைவைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பைதகரசுத் தேற்றமே போதுமானது. ஒரு கடல் மைல் என்பது அகலாங்கின் ஒரு கலைக்கு ஏறத்தாழச் சமமாதலால், கணக்கீடு இன்னும் எளிதாகிறது. இன்று ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது.

- அகலாங்கு வேறுபாடு: 8°46′ – 6°56′ = 1°50′, அதாவது 110 கலை. எனவே தெற்கு நோக்கிய தொலைவு 110 கடல் மைல்.
- நெட்டாங்கு வேறுபாடு: 79°51′ – 78°08′ = 1°43′, அதாவது 103 கலை. நெட்டாங்குக் கோடுகள் துருவங்களை நோக்கி நெருங்கிச் செல்வதால், இதை நடு அகலாங்கின் (7°51′) கோசைன் மதிப்பான 0.9906 ஆல் பெருக்க வேண்டும். கிழக்கு நோக்கிய தொலைவு 102 கடல் மைல்.
- 110 இன் வர்க்கம் 12,100. 102 இன் வர்க்கம் 10,404. கூட்டுத்தொகை 22,504. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 150.

ஆகவே தொலைவு 150 கடல் மைல், அல்லது ஏறத்தாழ 278 கிலோமீட்டர். 2011 இல் இவ்வழியில் இயங்கிய பயணிகள் கப்பலுக்கான கடல்வழித் தொலைவு 152 கடல் மைல் எனக் குறிப்பிடப்பட்டது. கடல்வழியும் நேர்வழியும் ஏறக்குறைய ஒன்றே என்பதை இது காட்டுகிறது.

வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான தொலைவு

வானூர்தி நிலையங்கள் நகர மையத்தில் அமைவதில்லை. தூத்துக்குடி வானூர்தி நிலையம் திருநெல்வேலிச் சாலையில் உள்ள வாகைக்குளத்திலும், கொழும்புக்கான பண்டாரநாயக்கா பன்னாட்டு வானூர்தி நிலையம் நகருக்கு வடக்கே கட்டுநாயக்காவிலும் அமைந்துள்ளன. எனவே நிலையங்களுக்கு இடையிலான தொலைவு நகரங்களுக்கு இடையிலான தொலைவிலிருந்து சற்று வேறுபடுகிறது. நிலையங்களின் ஆள்கூறுகளைக் கொண்டு கணித்த தோராயமான நேர்த்தொலைவுகள் பின்வருமாறு:

- தூத்துக்குடி – கட்டுநாயக்கா: 267 கி.மீ.
- மதுரை – கட்டுநாயக்கா: 355 கி.மீ.
- திருவனந்தபுரம் – கட்டுநாயக்கா: 357 கி.மீ.
- தூத்துக்குடி – சென்னை: 530 கி.மீ.
- சென்னை – கட்டுநாயக்கா: 647 கி.மீ.

தூத்துக்குடியிலிருந்து சென்னை வழியாகக் கொழும்பு செல்லும் பயணி மொத்தம் 1,177 கி.மீ. பறக்கிறார். இது நேர்வழித் தொலைவைப் போல 4.4 மடங்காகும். தென்கிழக்கே உள்ள ஊருக்குச் செல்ல அவர் முதலில் வடக்கு நோக்கிப் பறந்து, பின்னர் ஏறக்குறைய வந்த அளவுக்கும் மேலாகத் தெற்கே திரும்ப வேண்டும்.

பயண நேரத்தின் கூறுகள்

பயண நேரம் தொலைவை வேகத்தால் வகுத்துப் பெறும் எண் மட்டுமன்று. அதில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது, தொலைவைப் பொறுத்து மாறும் பறப்பு நேரம். இரண்டாவது, தொலைவு எதுவாயினும் பெரிதும் மாறாத நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலெழுதல், தரையிறங்குவதற்கான வரிசை, நிறுத்துமிடத்தை அடைதல் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சுங்கம், குடிவரவுச் சோதனை, இணைப்பு வானூர்திக்கான காத்திருப்பு ஆகியனவும் அவ்வாறே.

ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி வானூர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. இவ்வேகத்தில் 267 கி.மீ. தொலைவை 32 நிமிடங்களில் கடக்கலாம். ஊர்தல், ஏற்றம், இறக்கம் ஆகியவற்றுக்கு அரை மணி நேரத்தைச் சேர்த்தால், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேரடிச் சேவை இருக்குமாயின் அது ஏறத்தாழ 1 மணி நேரப் பயணமாக அமையும். தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லவே இத்தகைய வானூர்தி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்காட்டு: ஆழ்வார்திருநகரியிலிருந்து கொழும்பு

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் பிறந்த ஊராகவும் நவதிருப்பதிகளுள் ஒன்றாகவும் அறியப்படுகிறது. திருநெல்வேலி – திருச்செந்தூர் தொடர்வண்டிப் பாதையில் இவ்வூருக்கு நிலையம் உண்டு. வாகைக்குளம் வானூர்தி நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் 20 கி.மீ.க்கும் குறைவான தொலைவிலும், கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கி.மீ. தொலைவிலும் உள்ளன. இவ்வூரிலிருந்து சென்னை வழியாகக் கொழும்பு செல்பவரின் பயண நேரத்தைத் தோராயமாகப் பின்வருமாறு பிரிக்கலாம்:

- வீட்டிலிருந்து வாகைக்குளம் வரை: முக்கால் மணி முதல் 1 மணி நேரம்
- வாகைக்குளத்தில் காத்திருப்பு: ஒன்றரை மணி நேரம்
- சென்னைக்குப் பறப்பு: ஒன்றரை மணி நேரம்
- சென்னையில் பன்னாட்டு முனையத்துக்கு மாறுதல், குடியகல்வுச் சோதனை, காத்திருப்பு: குறைந்தது 3 மணி நேரம்
- கட்டுநாயக்காவுக்குப் பறப்பு: ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்
- குடிவரவுச் சோதனையும் பயணப்பொதிகளைப் பெறுதலும்: 1 மணி நேரம்
- கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு நகர்: 1 மணி நேரம்

மொத்தம் ஏறத்தாழ 10 மணி நேரம். இதில் வானில் கழிவது 3 மணி நேரம் மட்டுமே. நேர்த்தொலைவான 280 கி.மீ.ஐ 10 மணி நேரத்தால் வகுத்தால், பயணியின் பயனுறு வேகம் மணிக்கு 28 கி.மீ. எனக் கிடைக்கிறது. மதுரை வழியைத் தேர்ந்தால் பறப்பு நேரம் ஏறத்தாழ 1 மணியாகக் குறைகிறது. எனினும் மதுரை வரை மூன்று மணி நேரத்துக்கும் மேலான சாலைப் பயணம் சேர்வதால், மொத்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை. இணைப்பு வானூர்தி தவறினாலோ, அன்றைய நாளில் பொருத்தமான சேவை இல்லாவிட்டாலோ பயணம் மறுநாளுக்கு நீளும்.

நெடுந்தொலைவுப் பயணங்களுடன் ஒப்பீடு

தொலைவு கூடக் கூட மாறாத நேரத்தின் பங்கு குறைகிறது. எனவே நெடுந்தொலைவு வானூர்திகளின் சராசரி வேகம் மிகுதியாகத் தோன்றும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. தொலைவில் உள்ளது. நேரடி வானூர்தி 4 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. சென்னையிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,200 கி.மீ. தொலைவில் உள்ளது. நேரடிப் பறப்பு 10 முதல் 11 மணி நேரம் வரை நீடிக்கும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றோட்டங்களால், இலண்டன் நோக்கிச் செல்வதைவிட அங்கிருந்து திரும்பும் பயணம் பொதுவாகக் குறைந்த நேரத்தில் முடிகிறது. குறுந்தொலைவுப் பயணங்களில் இக்காற்றின் தாக்கம் சில நிமிடங்களே.

இவ்வொப்பீட்டின்படி, சென்னையில் வானூர்தி ஏறிய ஒருவர் இலண்டனை நெருங்கும் நேரத்தில், ஆழ்வார்திருநகரியில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் மன்னார் வளைகுடாவின் மறுகரையை அடைகிறார்.

வரலாறு

தோணிகளும் முத்துக்குளிப்பும்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துச் சிப்பிப் படுகைகள் உள்ளன. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து முத்துக்குளிப்போரும் வணிகரும் இலங்கைக் கரையில் நடைபெற்ற முத்துக்குளிப்புகளுக்குச் சென்று வந்தனர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற பெரும் முத்துக்குளிப்பு பலரையும் ஈர்த்தது. தூத்துக்குடியின் பாய்மரத் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. தோணியின் பயண நேரம் காற்றையும் பருவத்தையும் பொறுத்ததால், அதற்கு நிலையான அட்டவணை இருக்கவில்லை. இக்கரையிலிருந்து சென்று குடியேறியோரின் வழிவந்த பரதர், இலங்கையின் 2001 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தனி இனக்குழுவாகப் பதிவு செய்யப்படுகின்றனர்.

தொடர்வண்டியும் நீராவிக் கப்பலும்

1876 இல் தென்னிந்திய இரயில்வேயின் பாதை தூத்துக்குடியை அடைந்தது. அதன் பின்னர் சென்னையிலிருந்து தொடர்வண்டியில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு செல்வது முதன்மையான வழியாயிற்று. கப்பல் இரவில் வளைகுடாவைக் கடந்தது. அக்காலத்தில் தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் இல்லை. கரையோரக் கடல் ஆழமற்றதாக இருந்ததால், நீராவிக் கப்பல்கள் சில மைல்களுக்கு அப்பால் நங்கூரமிட்டன. பயணிகள் படகுகளில் கப்பலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

சுதேசிக் கப்பல் நிறுவனம்

இவ்வழியில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் ஆதிக்கம் செலுத்தி வந்தது. அதற்குப் போட்டியாக வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். இந்நிறுவனம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கி 1907 இல் தூத்துக்குடி – கொழும்பு வழியில் இயக்கியது. போட்டியில் பிரித்தானிய நிறுவனம் கட்டணத்தைப் பெரிதும் குறைத்ததாகவும், ஒரு கட்டத்தில் இலவசப் பயணத்துடன் குடையும் வழங்க முன்வந்ததாகவும் கூறப்படுகிறது. 1908 மார்ச் மாதம் வ. உ. சி. கைது செய்யப்பட்டபின் நிறுவனம் நலிவுற்று 1911 இல் கலைக்கப்பட்டது. 150 கடல் மைல் நீளமுள்ள இவ்வழி, இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறே.

தனுஷ்கோடி வழி

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தொடர்வண்டி தனுஷ்கோடி வரை செல்ல, அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கப்பல் பயணமும், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குத் தொடர்வண்டியும் என இணைக்கப்பட்டது. போட் மெயில் என அறியப்பட்ட இவ்விணைப்பால் சென்னை – கொழும்புப் பயணிகளில் பெரும்பகுதியினர் தூத்துக்குடியைத் தவிர்த்தனர்.

ஒரே வழியில் சென்றாலும் எல்லோருக்கும் ஒரே பயண நேரம் அமையவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே அனுப்பப்பட்டனர். உயர் வகுப்புப் பயணிக்கு மணிக்கணக்கில் முடிந்த பயணம் தொழிலாளிக்கு நாட்கணக்கில் நீண்டது.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரம் – தலைமன்னார் இடையே நடைபெற்ற கப்பல் சேவையும் 1980களில் இலங்கைப் போர்ச் சூழலில் நின்றுபோனது.

வானூர்திச் சேவைகள்

1935 இல் சென்னைப் பறப்புக் கழகத்தின் சிறு வானூர்தி ஒன்று கொழும்பை அடுத்த இரத்மலானையில் தரையிறங்கியது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை, டக்கோட்டா எனப்படும் டிசி-3 வகை வானூர்தியைக் கொண்டு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடைபெற்றது. அன்று முதல் தமிழ்நாட்டுக்கும் கொழும்புக்கும் இடையிலான வான்வழியின் முதன்மை முனையாகச் சென்னையே விளங்கி வருகிறது. 2012 இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடிச் சேவை தொடங்கியது.

2011 பயணிகள் கப்பல்

2011 சூன் 13 அன்று தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஸ்கோசியா பிரின்ஸ் என்னும் பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யக்கூடிய இக்கப்பல், 152 கடல் மைல் தொலைவை ஏறத்தாழ 14 மணி நேரத்தில் கடந்தது. இதன் சராசரி வேகம் மணிக்கு 11 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 20 கி.மீ. ஆகும். இச்சேவை அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தப்பட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை மீண்டும் தொடங்கியது 2023 அக்டோபர் 14 அன்றுதான். ஆனால் அது ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவுள்ள நாகப்பட்டினம் – காங்கேசன்துறை வழியில் அமைந்தது.

ஓடுபாதையின் பங்கு

ஒரு நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு பறக்கலாம் என்பதை அதன் ஓடுபாதையின் நீளமும் தீர்மானிக்கிறது. எரிபொருளும் பயணிகளும் மிகுந்து எடை கூடும்போது, மேலெழுவதற்கு நீண்ட ஓடுபாதை தேவைப்படுகிறது. 1992 இல் செயற்பாட்டுக்கு வந்த தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே கொண்டிருந்தது. ஏடிஆர் 72 போன்ற வானூர்திகளுக்கு இது போதுமானது. ஏர்பஸ் ஏ320 போன்ற தாரை வானூர்திகளுக்கு இது போதாது. பின்னர் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டது. புதிய முனையக் கட்டடம் 2025 சூலை 26 அன்று திறந்து வைக்கப்பட்டது.

எனினும் கொழும்பு வழியைப் பொறுத்தவரை ஓடுபாதை மட்டும் தடையாக இருந்ததில்லை. 267 கி.மீ. தொலைவை ஏடிஆர் 72 வகை வானூர்தியே எளிதில் கடக்கும். பன்னாட்டுச் சேவைக்குச் சுங்கம், குடிவரவு ஆகியவற்றுக்கான ஏற்பாடுகளும், இரு நாடுகளின் இசைவும், போதிய பயணிகளும் தேவை. இவை அமையாதவரை அருகிலுள்ள நகரும் தொலைவிலேயே இருக்கும்.

நேர வலயம்

இந்தியாவும் இலங்கையும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நேரத்தைப் பின்பற்றுகின்றன. எனவே பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை வந்தடையும் நேரத்திலிருந்து நேரடியாகக் கழித்துப் பயண நேரத்தை அறியலாம். 1996 மே மாதம் முதல் 2006 ஏப்ரல் வரை இவ்வாறு செய்ய இயலவில்லை. இலங்கை 1996 இல் தன் நேரத்தை ஆறரை மணியாகவும், அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆறு மணியாகவும் மாற்றிக்கொண்டது. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அப்பத்தாண்டுக் காலத்தைச் சேர்ந்த பழைய அட்டவணைகளை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சரக்குப் போக்குவரத்து

தூத்துக்குடித் துறைமுகம் 1974 சூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயரிடப்பட்டது. இங்கிருந்து ஏற்றுமதியாகும் சரக்குப் பெட்டகங்கள் பல, சிறு கப்பல்களில் கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு பெரிய கப்பல்களுக்கு மாற்றப்படுகின்றன. இதனால், ஒரு காலத்தில் வ. உ. சி.யின் கப்பல்களில் பயணிகள் சென்ற நேர்வழியைச் சரக்குகள் இன்றும் பயன்படுத்துகின்றன. பயணிகள் மட்டும் சுற்றுவழியில் செல்கின்றனர்.